நிருபர் அண்ணாச்சியும் துவைக்கிற கல்லும்

நேயர்களுக்கு வணக்கம். ஆறு நிமிடத்துக்குள் முடிக்க வேண்டும் என்று சொல்லித்தான் என்னை உள்ளே விட்டிருக்கிறார்கள். எண்பத்திமூன்று வயது வரை வாழ்ந்த மனிதரை ஆறு நிமிடத்தில் அடக்குவது கஷ்டம், பார்ப்போம்.

அவருக்குப் பெயர் உண்டு, எங்கள் பக்கத்தில் யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. நிருபர் அண்ணாச்சி, அவ்வளவுதான். பகுதிநேர நிருபர். அச்சில் வந்த வரிகளை அளந்து மாசக் கடைசியில் பணம் அனுப்புவார்கள், பிள்ளைகளுக்கு பீஸ் கட்டக் காணாது. சாயந்திரமானால் சைக்கிளில் நாகர்கோவில் வடசேரி பஸ் ஸ்டாண்டு. செய்திக் கவரைத் திருநெல்வேலி பஸ் டிரைவர் கையில் கொடுத்து, "மக்கா, சீட்டுக்கு அடியில போட்டுராத, மறந்திருவ" என்பார். பஸ் வழியில் பஞ்சர் ஆனால் மறுநாள் பேப்பரில் நம்ம ஊர் இல்லை.

அது சோற்றுக்கு. உயிர் பழைய கதையில்தான் இருந்தது. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி நேசமணி தலைமையில் போராட்டம் நடந்த காலத்தில், 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் துப்பாக்கிச் சூடு நடந்தபோது அவருக்குப் பன்னிரண்டு வயது. பின்னாளில் செத்தவர்களின் வீடுகளைத் தேடிப்போய், அன்றைக்கு அவர் என்ன சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினார் என்பது வரைக்கும் கேட்டு நோட்டில் எழுதினார். வெயிலாயிருக்கே அண்ணாச்சி என்று நான் முனகினால், "கவிதை எழுதின கவிமணியே காந்தளூர்ச் சாலை ஆராய்ச்சிக்காவ கல்வெட்டெல்லாம் தேடிப் படிச்சாராக்கும், உனக்கு வெயிலா?" என்று ஒரு வெட்டு.

அவருக்கு ஒரு பித்து உண்டு, கொல்லம் ஆண்டு. வீட்டில் பழைய பத்திரம் இருந்தால் எடுத்துப் பாருங்கள், மலையாள ஆண்டுதான் போட்டிருக்கும். 825-ஐக் கூட்டினால் இங்கிலீஷ் வருஷம் என்று வாய்ப்பாடு மாதிரி சொல்வோம். அது பாதிதான் சரி. அந்த ஆண்டு பிறப்பது ஆவணி முதல் தேதி. அதனால் ஆவணி பிறந்ததிலிருந்து டிசம்பர் முடிய 824, ஜனவரி வந்த பிறகுதான் 825. பேப்பர் வேண்டாம், மனசிலேயே போட்டுப் பாருங்கள். நம் கன்னியாகுமரி மாவட்டம் பிறந்தது கொல்லம் 1132 ஐப்பசி. 824 கூட்டினால் 1956, நவம்பர் 1, சரி. 825 கூட்டினால் ஒரு வருஷம் தள்ளிப் பிறந்துவிடும். இன்னொரு தடவை சொல்கிறேன், டிசம்பர் வரை 824, அப்புறம் 825. முதியோர் பென்ஷனுக்கு வயது தெரியாத கிழவிகள் அவர் திண்ணைக்குத்தான் வருவார்கள். "தொண்ணூத்தொம்பது வெள்ளத்துல நான் எனக்க அம்மைக்க வயித்துல" என்று ஒருத்தி சொன்னால் போதும். 1099-இல் வந்த வெள்ளம், 1924 ஜூலை. வயது கையில் கிடைத்துவிடும்.

இவ்வளவு கணக்கு பேசுகிறவர் வழுக்கி விழுந்த கதைதான் எனக்கு ரொம்பப் பிடித்தது. ஒரு வீட்டுப் புறவாசலில் துணி துவைக்கிற கல். அடிப்பக்கம் எழுத்து இருப்பதாக அந்த வீட்டம்மா சொன்னாள். நாலு பேர் கடப்பாரை போட்டுப் புரட்டினால், பாசியும் சோப்பு வழுவழுப்புமாக, சுமைதாங்கியின் குறுக்குக் கல். தலைச்சுமையை இறக்கிவைக்க வழியோரம் நட்டிருப்பார்களே, அது. வெயிலில் ஒன்றும் தெரியவில்லை. இருட்டும் வரை உட்கார்ந்திருந்து, தண்ணீர் ஊற்றி, டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்ததும் எழுத்தெல்லாம் நிழலோடு எழுந்து வந்தது. தமிழ் எண்ணில் கொல்லம் 1064. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன ஒரு பெண்ணுக்காக வைத்தது. வீட்டம்மா கல்லைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்து, "அப்ப நாளைக்கு எங்க துவைக்க?" என்றாள்.

ராத்திரியே எழுதினார். 1888-ஆம் ஆண்டுக் கல் என்று செய்தி வந்தது. நாலாம் நாள் ஒரு போஸ்ட்கார்டு, ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் எழுதியது. கல்லில் தை மாதம் என்று நீரே எழுதியிருக்கிறீர், தைக்கு எப்படி ஐயா 824 கூட்டுவீர் என்று. நியாயம்தானே, அது 1889. அண்ணாச்சி அன்றைக்குச் சாப்பிடவில்லை. திருத்தம் போடச் சொல்லி மூன்று கவர் அனுப்பினார். ஒரு வருஷம் முன்னே பின்னே இருந்தால் யார் அழப்போகிறார்கள் என்று அங்கே விட்டுவிட்டார்கள். கடைசியில் கைக்காசில் நோட்டீஸ் அடித்து டீக்கடை டீக்கடையாகக் கொடுத்தார். என்னிடம் ஒன்று இருக்கிறது, மேலே கொட்டை எழுத்தில் "தவறு என்னுடையது". அச்சுக்கூலி அந்த மாதம் பத்திரிகை அனுப்பிய பணத்தைவிட அதிகம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் விரலைக் காட்டுகிறார்கள், ஒரு நிமிடம்தானாம். பத்மநாபபுரம் அரண்மனை தக்கலைப் பக்கம் இருந்தும் கேரள அரசின் பராமரிப்பில் இருப்பது பற்றி அவர் எழுதியது, 2004 சுனாமி அன்று குளச்சல் கரையில் நின்று பெயர் பெயராகக் குறித்தது, எல்லாம் சீட்டில் எழுதி வந்தேன், போகட்டும். ஒன்று மட்டும். ஐம்பதுக்கு மேற்பட்ட நோட்டுகள் அவர் வீட்டுப் பத்தாயத்தில் வேப்பிலை போட்டுக் கிடக்கின்றன. மகள் கொடுக்கத் தயார், படித்துப் படியெடுக்க ஆள் இல்லை. தமிழ் எண் வாசிக்கத் தெரிந்தவர்கள் இந்த நிலையத்துக்கு ஒரு கார்டு போடுங்கள். தேதி போடும்போது மாதத்தையும் எழுதிவிடுங்கள். வணக்கம்.