பாம்பன் பாலத்தடியில் பதஞ்சலியின் சொற்கள்

[காட்சி: பாம்பன் சாலைப் பாலம். கேமரா கீழே கடலைப் பார்க்கிறது.]

வணக்கம். 1988-இல் திறந்த சாலைப் பாலத்தில் நிற்கிறோம். கீழே பாருங்கள். தூணில் மோதும் தண்ணீர் சுழித்துக்கொண்டு ஓடுகிறது. ஒரு பனையோலைத் துண்டு அந்தச் சுழியில் மாட்டி, சுற்றிச் சுற்றி வருகிறது. யோக சூத்திரத்தில் பதஞ்சலி ‘விருத்தி’ என்கிறாரே, அது இதுதான்.

நமக்கு விருத்தி என்றால் வளர்ச்சி. வம்ச விருத்தி என்கிறோம். சமஸ்கிருதத்தில் அவை இரண்டு தனித்தனிச் சொற்கள். ஒன்று வளர்ச்சி, மற்றது சுழல்வது. தமிழுக்கு வந்தபோது இரண்டும் ஒரே எழுத்தில் அடங்கிவிட்டன. ‘யோகஸ் சித்த விருத்தி நிரோத:’ என்ற சூத்திரத்தில் இருப்பது சுழலும் சொல். சித்தத்தின் சுழற்சி அடங்குவது யோகம்.

எனக்கு இதைவிடப் பிடித்த சொல் வைராக்கியம். ‘வைராக்கியக்காரி’ என்றால் பிடித்த பிடியை விடாதவள் என்போம். மூலச் சொல்லில் பிடியே கிடையாது. ராகம் இல்லாத நிலை, அதாவது ‘விராகம்’, என்பதிலிருந்து வந்தது அது. ராகம் என்றால் நிறம், சாயம். ஆசை என்ற பொருள் அதிலிருந்து கிளைத்தது.

[காட்சி: கடற்கரை மணலில் சிறு செடி.]

இந்தக் கரையோர மணலில் வளரும் இம்பூறல் இது. இதன் வேரைத் தோண்டி, சாயவேர் என்று விற்றார்கள். பருத்தித் துணிக்குச் சிவப்பேற்றியது இந்த வேர். நன்றாக ஏறிய சாயம் லேசில் போகாது. ஒரு பொருள் மனதில் அப்படி ஏறிவிட்டால், அது ராகம். சாயம் ஒட்டாத மனம் இருக்கிறதே, அதுதான் வைராக்கியம்.

சரி, அது மட்டும் போதுமா? அப்பியாசமும் வேண்டும் என்கிறார் பதஞ்சலி. விடாத பயிற்சி. எதற்கு இரண்டும்? சூத்திரத்துக்கு உரை எழுதிய வியாசர் அழகாகச் சொல்கிறார்: சித்தம் என்ற ஆறு இரண்டு பக்கமும் ஓடும். நன்மைக்கும் ஓடும், பாவத்துக்கும் ஓடும். வைராக்கியம் ஒரு பக்கத்தை அடைக்கிறது, அப்பியாசம் மறுபக்கத்தைத் திறந்துவிடுகிறது.

இரண்டு பக்கமும் ஓடும் ஆறு எங்கே இருக்கிறது என்று வெளியூர்க்காரர்கள் கேட்கலாம். பாம்பன்காரர்களுக்கு அது கண்ணால் பார்க்கிற சங்கதி. வாடைக் காலத்தில் இங்கே நீரோட்டம் பாக் விரிகுடாவிலிருந்து தெற்கே, மன்னார் வளைகுடாவுக்குப் போகும். தென்மேற்குக் காற்று எழும்பினால் வடக்கே திரும்பிவிடும். பதஞ்சலி இராமேஸ்வரத்தில் சமாதியானார் என்று இங்கே நம்புகிறார்கள். அந்த நம்பிக்கை ஏன் இந்தத் தீவில் வேர்விட்டது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு இந்த நீரோட்டம்தான் நினைவுக்கு வரும்.

[காட்சி: மறுபடியும் தூணடி.]

இது மார்கழி மாதம். பனையோலை சுழியிலிருந்து விடுபட்டு, தெற்கே போய்க்கொண்டிருக்கிறது.