குற்றத்தைக் குறைப்பது காவலரின் நெறியே! (பட்டிமன்ற உரை)

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையில் அமர்ந்திருக்கும் பெரியோர்களே, வணக்கம்.

"இன்றைய காவல் பணியில் குற்றத்தைக் குறைப்பது நவீனக் கருவிகளா, காவலரின் நெறியா?" இதுதான் தலைப்பு. நெறியே என்று வாதாட வந்திருக்கிறேன். எதிரணியினர் பல வாதங்களை வைத்துவிட்டு அமர்ந்திருக்கிறார்கள். கணினிக்கு வேண்டியவர், வேண்டாதவர் என்று கிடையாது என்றார் ஒருவர். சட்டையில் கேமரா மாட்டிவிட்டால் காவலர் தானாக ஒழுங்காக நடப்பார், நெறியைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை என்றார் அடுத்தவர். மூன்றாமவர், "மடியில் கனமில்லை என்றால் வழியில் பயம் எதற்கு?" என்று கேட்டுக் கைதட்டல் வாங்கினார்.

அந்த மடியிலிருந்தே தொடங்குகிறேன்.

2020 ஜனவரி. அமெரிக்காவின் டெட்ராய்ட் பகுதி. வேலை முடிந்து வீடு திரும்பிய ஒருவரை, மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் பார்த்திருக்க, வாசலிலேயே விலங்கு மாட்டிக் காவலர்கள் அழைத்துப் போனார்கள். 2018இல் ஒரு கடையில் கைக்கடிகாரங்கள் திருடுபோன வழக்கு. ஏறத்தாழ 30 மணி நேரம் காவலில் இருந்தார். அவர் அந்தக் கடைத் திருட்டில் சம்பந்தப்பட்டவரே இல்லை. கடையின் மங்கலான கேமராப் படத்தை முகம் அறியும் மென்பொருளில் போட்டார்கள். அது அவருடைய ஓட்டுநர் உரிமப் படத்தை எடுத்து நீட்டியது. அவர் மடியில் கனமே இல்லை, நடுவர் அவர்களே. ஆனால் வழியில் என்ன நடந்தது?

அந்த மென்பொருள் எப்படி வேலை செய்கிறது என்று பார்த்தால்தான் இது புரியும். "இவர்தான்" என்று அது ஒருபோதும் சொல்வதில்லை. சேமிப்பில் இருக்கும் படங்களில் எவையெல்லாம் கொடுத்த முகத்துக்கு நெருக்கமோ, அவற்றை மதிப்பெண் போட்டு அடுக்கித் தரும், அவ்வளவுதான். உண்மையான திருடனின் படம் அந்தச் சேமிப்பில் இல்லாவிட்டாலும் அந்த அடுக்கில் முதலிடத்தில் யாராவது ஒருவர் இருந்தே தீருவார். மேலிருந்து எடுத்த கோணம், தொப்பியின் நிழல், குறைந்த வெளிச்சம் எல்லாம் சேர்ந்தால் அந்த முதலிடத்துக்கு மதிப்பு இன்னும் குறைவு. கணினிக்கு வேண்டியவர், வேண்டாதவர் இல்லை என்றார்களே, அமெரிக்காவின் தர நிர்ணய நிறுவனமான நிஸ்ட் 2019இல் சோதித்துப் பார்த்தது. ஒருவர் படத்தை வேறொருவர் என்று தவறாகப் பொருத்தும் பிழை, ஆப்பிரிக்க, ஆசிய வம்சாவளியினரின் முகங்களில் பல மென்பொருள்களில் 10 முதல் 100 மடங்கு வரை கூடுதலாக இருந்தது.

எனவே மென்பொருள் தருவது துப்பு, சாட்சியம் ஆகாது. டெட்ராய்டில் துப்பு கிடைத்த பிறகு செய்ய வேண்டிய வேலையைத்தான் விட்டுவிட்டார்கள். சம்பவ நேரத்தில் அந்த மனிதர் எங்கே இருந்தார் என்று விசாரிக்கவில்லை. படங்களை அடுக்கி அடையாளம் காட்டச் சொன்னார்கள், யாரிடம்? திருட்டை நேரில் பார்க்காத, கேமராப் பதிவை மட்டும் பார்த்த ஒரு பாதுகாப்பு ஊழியரிடம். அவர் தொடுத்த வழக்கில் 2024இல் வந்த சமரச உடன்படிக்கையில், முகப் பொருத்தத்தை மட்டும் வைத்துக் கைது செய்யக் கூடாது, வேறு சான்று இல்லாமல் அதிலிருந்து நேராக அடையாளம் காட்டும் நடவடிக்கைக்கும் போகக் கூடாது என்று அந்த நகரக் காவல் துறையே ஒப்புக்கொண்டது. அதாவது, கருவி வாங்கிய பிறகு நெறியைத் தேடிப் போக வேண்டியிருந்தது.

அடையாளம் காட்டுவது என்றதும் சாதாரண வேலையாகத் தெரியும். சற்று அருகில் போய்ப் பாருங்கள். மேசை மேல் ஆறு படங்கள். ஒன்று சந்தேக நபருடையது, ஐந்து சம்பந்தமில்லாதவர்களுடையவை. சாட்சி சொன்னது "தாடி வைத்தவர்" என்றால் ஆறு பேருக்கும் தாடி இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் இருந்தால் நாமே விரலைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தது போலத்தான். படம் காட்டும் காவலருக்கு எது சந்தேக நபரின் படம் என்று தெரிந்திருக்கக் கூடாது. தெரிந்தால், சாட்சியின் கண் அந்தப் படத்தில் நிற்கும்போது அவர் உடம்பு ஒரு நொடி முன்னே சாயும். அவருக்கே தெரியாது, சாட்சிக்குத் தெரியும். "அந்த ஆள் இதில் இருக்கலாம், இல்லாமலும் போகலாம்" என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சாட்சி ஒரு படத்தைத் தொட்டவுடன், "எவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" என்று கேட்டு, அவர் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே எழுத வேண்டும். "சரியாகக் காட்டினீர்கள்" என்று தட்டிக்கொடுத்துவிட்டால் போதும், "அவர் மாதிரிதான் இருக்கிறது" என்றவர் நீதிமன்றத்தில் "சந்தேகமே இல்லை, அவர்தான்" என்பார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் நினைவையே நாம் மாற்றிவிட்டோம்.

இதில் எந்த இயந்திரமும் தேவையில்லை. அமெரிக்காவில் மரபணுச் சோதனையால் குற்றமற்றவர் என்று விடுதலையான முதல் 250 பேரின் வழக்குகளைச் சட்டப் பேராசிரியர் பிராண்டன் காரெட் ஆராய்ந்தார். அவற்றில் 76 சதவீத வழக்குகளில் நேரில் கண்ட சாட்சி தவறான ஆளை அடையாளம் காட்டியிருந்தார். 40 பேர் செய்யாத குற்றத்தை ஒப்புக்கொண்டிருந்தார்கள். அந்த 40 பேரில் 38 பேரின் வாக்குமூலங்களில், குற்றம் செய்தவருக்கு மட்டுமே தெரிந்திருக்கக்கூடிய விவரங்கள் இருந்தன. செய்யாதவர்களுக்கு அவை எப்படித் தெரியும்? விசாரித்தவர்கள் கேள்வியிலேயே கொடுத்திருக்கிறார்கள். "கத்தியை எங்கே போட்டாய்?" என்று கேட்டால், ஆயுதம் கத்தி என்பது அங்கேயே போய்ச் சேர்ந்துவிடுகிறது.

"அடித்து உதைத்தாவது உண்மையைக் கறக்க வேண்டாமா?" என்று எதிரணியில் யாரும் மேடையில் கேட்கவில்லை. ஆனால் "நெறி பார்த்தால் குற்றவாளி தப்பிவிடுவான்" என்றார்களே, அதன் உட்பொருள் அதுதான். 1974 நவம்பரில் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் குண்டு வெடித்து 21 பேர் இறந்தார்கள். ஆறு பேரைப் பிடித்து, அவர்களில் நால்வரிடம் வாக்குமூலம் வாங்கி, 1975இல் ஆறு பேருக்கும் ஆயுள் தண்டனை கொடுத்தார்கள். 16 ஆண்டுகள் கழித்து, 1991இல், மேல்முறையீட்டு நீதிமன்றம் ஆறு பேரையும் விடுவித்தது. அந்த 21 உயிர்களுக்கு இன்றுவரை வேறு யாரும் தண்டிக்கப்படவில்லை. நெறி மீறியதால்தான் குற்றவாளி தப்பினான், நடுவர் அவர்களே. தவறான ஆளை உள்ளே வைத்துக் கோப்பை மூடிய அன்றே உண்மையான ஆளைத் தேடுவது நின்றுபோகிறது.

இத்தகைய வழக்குகளிலிருந்து பாடம் கற்று, இங்கிலாந்தும் வேல்ஸும் 1992இல் பீஸ் என்ற விசாரணை முறைக்கு வந்தன. கையில் என்ன சான்று இருக்கிறது, எது இல்லை என்று முதலில் குறித்துக்கொள்கிறார்கள். எதிரில் இருப்பவரிடம் எதற்காக விசாரணை என்று விளக்குகிறார்கள். பிறகு அவர் தரப்பை இடைமறிக்காமல் முழுதாகச் சொல்லவிட்டு, அதன் பின்னரே சான்றுகளை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து முரண்பாடுகளைக் கேட்கிறார்கள். இல்லாத சான்றை இருப்பதாகச் சொல்லி மிரட்ட அதில் இடமில்லை. பொய்யனுக்கு இது வசதி என்று நினைக்க வேண்டாம். முழுக் கதையையும் விவரமாகச் சொல்லிப் பதிவாகிவிட்ட பிறகு, அதற்கு ஒத்துவராத பேருந்துச் சீட்டு ஒன்று மேசைக்கு வந்தால் கதையை மாற்ற வழியில்லை. சான்றை முதலிலேயே காட்டிவிட்டால்தான் அதற்கேற்பக் கதை கட்டுவான்.

அடுத்து, குற்றத்தை முன்கூட்டியே சொல்லும் கணினி. கணினி பார்ப்பது குற்றத்தை அன்று. குற்றம் என்று பதிவானதை. ஒரு தெருவுக்குக் கூடுதலாகக் காவலரை அனுப்பினால் அங்கே கூடுதலாக வழக்குப் பதிவாகும். பதிவு கூடினால் நாளைக்கும் அங்கேயே அனுப்பச் சொல்லும். 2016இல் அமெரிக்காவின் ஓக்லாந்து நகரின் போதைப்பொருள் கைதுப் பதிவுகளை வைத்து இரண்டு ஆய்வாளர்கள் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். போதைப் பழக்கம் நகரெங்கும் பரவலாக இருப்பதாக மதிப்பீடுகள் சொல்ல, மென்பொருளோ ஏற்கெனவே கைதுகள் குவிந்த கறுப்பின மக்களின் பகுதிகளையே திரும்பத் திரும்பக் காட்டியது. லாஸ் ஏஞ்சலிஸ் காவல் துறை 2020இல் இந்தத் திட்டத்தை நிறுத்தியது. அதே ஆண்டு சாண்டா குரூஸ் நகரம் தடையே போட்டது. துப்பாக்கிச் சத்தத்தைக் கேட்டுத் தகவல் அனுப்பும் கருவியும் இந்த வகைதான்: சிகாகோ நகர நிர்வாகத்தைக் கண்காணிக்கும் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2021இல் 50,000க்கு மேற்பட்ட எச்சரிக்கைகளைப் பார்த்ததில், துப்பாக்கிக் குற்றத்துக்கான சான்று கிடைத்தது 9.1 சதவீதத்தில் மட்டுமே.

கேமராவுக்கு வருகிறேன். இதை நான் எதிர்க்கவில்லை, வேண்டும் என்றே சொல்கிறேன். கலிபோர்னியாவின் ரியால்டோ நகரில் 2012இல் தொடங்கிய சோதனையில் காவலர் பலப்பிரயோகமும் மக்கள் புகார்களும் வெகுவாகக் குறைந்தன. எதிரணி அதைச் சொன்னது. வாஷிங்டன் நகரில் 2,000க்கு மேற்பட்ட காவலரை வைத்து நடந்த ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் இல்லை. அதைச் சொல்லவில்லை. ஏன் இப்படி இடத்துக்கு இடம் மாறுகிறது? 2016இல் பத்துச் சோதனைகளை ஒப்பிட்ட ஆய்வில் ஒரு விளக்கம் கிடைத்தது. சம்பவ இடத்துக்குப் போனதிலிருந்து விதிப்படி கேமராவை ஓடவிட்ட இடங்களில் பலப்பிரயோகம் 37 சதவீதம் குறைந்தது. எப்போது போடுவது, எப்போது அணைப்பது என்பதைக் காவலரின் விருப்பத்துக்கு விட்ட இடங்களில் 71 சதவீதம் கூடியது. கருவி ஒரே கருவிதான். வேறுபாடு பொத்தானை அழுத்தும் விரலில் இருக்கிறது. பல கேமராக்கள் பொத்தானை அழுத்துவதற்கு முந்தைய 30 வினாடிப் படத்தையும் சேர்த்துக் காப்பாற்றும், ஆனால் ஒலியில்லாமல். தாமதமாக அழுத்தினால் அடி விழுவது தெரியும். அதற்கு முன் யார் என்ன சொன்னார்கள் என்பது தெரியாது.

கேமரா எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பதும் முக்கியம். இந்திய உச்ச நீதிமன்றம் 2020 டிசம்பரில் எல்லாக் காவல் நிலையங்களிலும், வாசல் முதல் லாக்கப் வரை, ஒலியும் பதிவாகும் கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதம், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டாவது வைத்திருக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. அதைப் பராமரிக்கும் பொறுப்பை நிலைய அதிகாரியின் தலையில் வைத்தது. "பழுதாகியிருந்தது" என்ற பதிலுக்கு ஆள் பொறுப்பாக வேண்டும் என்பதே அந்த உத்தரவின் உயிர்.

எதிரணியின் வலுவான வாதத்தைக் கடைசிக்கு வைத்திருந்தேன். குற்றம் ஊரெங்கும் சமமாகப் பரவியிருப்பதில்லை. மினியாபொலிஸ் நகரில் ஏறத்தாழ 3 சதவீத முகவரிகளிலிருந்தே காவல் துறைக்குப் பாதி அழைப்புகள் வந்தன என்று 1989இல் வந்த ஆய்வைக் காட்டினார்கள். முற்றிலும் உண்மை. அப்படிப்பட்ட இடத்தில் காவலர் 10 முதல் 15 நிமிடம் நின்றுவிட்டுப் போனால், போன பிறகும் சிறிது நேரம் அமைதி நீடிக்கும் என்பதையும் ஏற்கிறேன். குற்றம் குவியும் இடங்களைக் குறித்த வரைபடம் போக வேண்டிய இடத்தைச் சொல்லிவிட்டது. வண்டியிலிருந்து இறங்கிய பிறகு அந்த 15 நிமிடத்தில் என்ன செய்வது?

நியூயார்க் ஒரு விடை சொன்னது. 2011இல் மட்டும் 6,85,000க்கு மேற்பட்ட முறை மக்களை வழிமறித்தார்கள். பத்தில் ஏறத்தாழ ஒன்பது முறை, வழக்கோ கைதோ இல்லாமல் அனுப்ப வேண்டியிருந்தது. எட்டாண்டுக்கும் மேற்பட்ட பதிவுகளில், உடம்பைத் தடவிச் சோதித்த 100 முறையில் ஆயுதம் கிடைத்தது இரண்டு முறைகூட இல்லை. 2013இல் நீதிமன்றம் இதை அரசியல் சட்டத்துக்கு முரண் என்றது. 2015இல் வழிமறிப்புகள் 25,000க்கும் கீழே வந்தன. கொலைகள் பெருகவில்லை, 2011ஐ விடக் குறைவாகவே இருந்தன.

இன்னொரு விடை ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் கிடைத்தது. சாலையில் வண்டி ஓட்டுபவர்கள் மது அருந்தியிருக்கிறார்களா என்று சோதிக்கும்போது, காரணத்தைச் சொல்லி, கருத்தைக் கேட்டு, மரியாதையோடு நன்றி சொல்லி அனுப்பினார்கள். வழக்கமாக அரை நிமிடத்துக்குள் முடிவது ஒன்றரை நிமிடத்தைச் சற்றுத் தாண்டியது. காவலர் மீதான மதிப்பு உயர்ந்தது. ஸ்காட்லாந்தில் இதே முறையைச் செய்தபோது பலிக்கவில்லை என்பதையும் நானே சொல்லிவிடுகிறேன். மேலிருந்து உத்தரவாக வந்ததைக் காவலர்கள் தங்கள் மேல் சுமத்தியதாகவே உணர்ந்தார்கள். காவலரை அவர் துறையே மரியாதையோடு நடத்தவில்லை என்றால், அவர் சாலையில் யாரை மரியாதையோடு நடத்துவார்?

இனி 2022இல் வெளியான ஆய்வு. டூசான், ஹூஸ்டன், கேம்பிரிட்ஜ் என மூன்று அமெரிக்க நகரங்கள். குற்றம் குவியும் 120 இடங்கள், 28 காவலர்கள். குலுக்கல் முறையில் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும், மக்களை நியாயமாக நடத்துவது எப்படி என்று 40 மணி நேரப் பயிற்சி. மற்றக் குழுவுக்கு அது இல்லை. பயிற்சி பெற்றவர்கள் செய்த கைதுகள் மற்றவர்களைவிட 60 சதவீதத்துக்கும் மேல் குறைவு. அவர்கள் ரோந்து போன இடங்களில் குற்றமும் 14 சதவீதம் குறைவு.

இரு குழுவிடமும் இருந்தது எதிரணி கொண்டாடும் அதே வரைபடம்தான், நடுவர் அவர்களே. வேறுபட்டது அந்த 40 மணி நேரம் மட்டுமே. அதை வைத்தே தீர்ப்புக் கேட்கிறேன். வணக்கம்.