ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, ஓய்வுபெற்ற பிறகும் கண்மாய்க் கரைகளை ஓயாமல் சுற்றிவரும் பொறியாளர் ஐயா அவர்களே, கொட்டும் மழையிலும் வந்து அமர்ந்திருக்கும் ஊராட்சித் தலைவர் அம்மையார் அவர்களே, பாசனச் சங்கத்துப் பெரியவர்களே, நாற்காலி போதாமல் நிற்கும் ஆசிரியப் பெருமக்களே, தாய்மார்களே, வணக்கம்.

நீடித்த வளர்ச்சித் திட்டங்களை மதிப்பிட்டுப் பார்ப்பது பற்றிப் பேச அழைத்தீர்கள். எதை அளப்பது, யார் அளப்பது, அளந்த பின் என்ன செய்வது என்று மூன்று செய்திகளோடு வந்தேன்.

2015இல் 193 நாடுகள் ஐ.நா. அவையில் கூடி நீடித்த வளர்ச்சிக்கான 17 இலக்குகளை ஏற்றன. அவற்றில் ஆறாவது, தண்ணீர். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள் நம் முன்னோர்.

எங்கள் ஊர்க் கண்மாயை ஒரு கோடையில் தூர் வாரினார்கள். பொக்லைன் இறங்கியது, டிராக்டர் டிராக்டராக மண் போனது. அள்ளிய மண் இத்தனை கன மீட்டர் என்று கரையில் பலகையும் நட்டார்கள். ஐப்பசியில் நல்ல மழை. ஓடிப்போய்ப் பார்த்தால், நடுப்பள்ளத்தில் மட்டும் கொஞ்சம் தண்ணீர். எங்கள் ஊர் நீர்பாய்ச்சி, வயதானவர், மடைக்கல்லில் காய்ந்து கறுத்திருந்த பாசிக்கோட்டை விரலால் தொட்டுக் காட்டினார். முன்பெல்லாம் தண்ணீர் நின்ற உயரம் அது. பிறகு மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு, கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வழியே நடந்தார். பின்னாலேயே நாங்களும் போனோம். இரண்டு மைல் தாண்டி, சீமைக் கருவேலம் கால்வாயை அடைத்துக் கிடந்தது. வரவேண்டிய வெள்ளம் தரிசில் பரந்து ஓடிக்கொண்டிருந்தது. "மண்ணை அளந்தீர்களே தம்பி, தண்ணீரை யார் அளந்தார்கள்?" என்றார். இன்றுவரை அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது, ஆண்டு 921. ஏரியைக் கவனிக்கும் குழுவான ஏரி வாரியத்துக்கு ஆறு பேர். வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் குடவோலைத் தேர்தலுக்குத் தகுதி இழந்தார்கள். 2005ஆம் ஆண்டு ஊரக வேலை உறுதிச் சட்டமும், நடந்த வேலையை ஊரே சரிபார்க்கும் சமூகத் தணிக்கையைக் கிராம சபையின் கையில்தான் கொடுத்தது. அளக்க வேண்டியவர்கள் ஊரார்.

ஆகவே நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மடையிலும் ஓர் அளவுக்கல் நடுங்கள். மழைக்கு முந்தைய அளவை அக்டோபர் 2 கிராம சபையிலும், பிந்தைய அளவை ஜனவரி 26 சபையிலும் உரக்கப் படியுங்கள். ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு! மூன்றாவது செய்திக்கு நேரமில்லை. தலைவர் மணியைப் பார்க்கிறார். மனு வாசல் மேசையில் இருக்கிறது. தாய்மார்கள் முதலில் கையெழுத்திடுங்கள்.