உடல் கிடைக்காத வீட்டில்

நேயர்களே, வணக்கம். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி, மூணாறு பெட்டிமுடியில் உருள்பொட்டி, அதாவது மலைச்சரிவு இடிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் மண்ணுக்குள் போயின. இறந்த 70 பேரில் 4 பேரின் உடல் கிடைக்கவே இல்லை. 2024 ஜூலை 30-இல் வயநாட்டிலும் பல வீடுகளுக்கு இதே கதி.

உடலைப் பார்க்காத வீட்டில் துக்கம் பாதியில் நிற்கும். மகன், 'காரியத்த முடிச்சிரலாம்மா' என்பான். 'நாளைக்கே உங்கப்பா வந்து நின்னா?' என்பாள் தாய். இருவரும் சொல்வது நியாயம்தான். ஆனால் கிடைக்கும் உடல்களோடு ஒப்பிட்டு அடையாளம் காண ரத்த மாதிரி கொடுப்பதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். பெற்றவர்களோ பிள்ளைகளோ கொடுத்தால் டிஎன்ஏ முடிவு தெளிவாக வரும். இரண்டு பேர் கொடுத்தால் இன்னும் உறுதி. உடன்பிறந்தவர் ஒருவர் மட்டும் கொடுத்தால் முடிவு இழுபறியாகலாம். மனைவியின் ரத்தம் கணவனோடு பொருந்தாது. பிள்ளையின் மாதிரியோடு சேர்த்துப் பார்க்கத்தான் உதவும். லயத்தில் குடும்பமே போயிருந்தால், தமிழ்நாட்டில் கயத்தாறு பக்கமிருந்து வந்த பெற்றோர் ஊர் திரும்பும் முன்பே மாதிரி எடுத்துவிட வேண்டும்.

காணாமல்போனவரை இறந்தவராகக் கொள்ளச் சட்டம் பொதுவாக 7 ஆண்டு காத்திருக்கச் சொல்கிறது. பேரிடரில் அரசு தனி உத்தரவு போட்டால் முன்பே சான்றிதழ் கிடைக்கும். காகிதம் சிக்குவது பெரும்பாலும் பெயரில்தான்: ரேஷன் கார்டில் மலையாளத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் வேறு மாதிரி, இனிஷியல் முன்னே பின்னே. இரண்டும் ஒரே ஆள்தான் என்ற சான்றை வில்லேஜ் ஆபீஸில் முதலிலேயே கேட்டு வாங்குங்கள்.

இறப்புச் சான்றிதழுக்குக் கையெழுத்து கேட்கும்போது தாய், 'நானே கொன்ன மாதிரி இருக்கு' என்று பேனாவைக் கீழே வைக்கலாம். வற்புறுத்தாதீர்கள். கையெழுத்துப் போட்டால் காரியமும் உடனே செய்தாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. அதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். பாதிப் பிடிவாதம் அங்கேயே தளரும்.

குழந்தையிடம் மட்டும், 'அப்பா தூங்குறாரு', 'ஊருக்குப் போயிருக்காரு' என்று சொல்லவே கூடாது. அப்புறம் அது தூங்கப் பயப்படும், பஸ் சத்தம் கேட்டாலே வாசலுக்கு ஓடும். 'மண்ணு மூடி அப்பா இறந்துட்டாரு, வலி இப்ப இல்ல' என்பது போதும். அதையே 10 தடவை கேட்டால் 10 தடவையும் அதே பதில். மண்ணைக் குவித்துச் சரித்து விளையாடினால் தடுக்க வேண்டாம். பிள்ளை புரிந்துகொள்ளும் வழி அது. ஒரு மாதம் தாண்டியும் மழைச் சத்தத்துக்கு அலறினால், சாப்பாடு குறைந்தால், அரசின் மனநல உதவி எண்ணான 14416-க்குக் கூப்பிடுங்கள். கட்டணம் கிடையாது, தமிழிலும் பேசலாம்.