பெற்ற பிள்ளையா, தத்துப் பிள்ளையா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம்.

‘ரோமாபுரி அரியணைக்குப் பெருமை சேர்த்தவர் பெற்ற பிள்ளையா, தத்துப் பிள்ளையா?’ இதுதான் தலைப்பு. எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி, “தான் ஆடாவிட்டாலும் தன் தசை ஆடும்” என்று ஆரம்பித்துக் கைதட்டல் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆடும் தம்பி, நன்றாகவே ஆடும். ரோமில் அது ஆடிய ஆட்டத்தைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

முதல் பேரரசர் அகஸ்டஸே தத்துப் பிள்ளைதான். ஜூலியஸ் சீசருடைய சகோதரியின் பேரன். கி.மு. 44-இல் சீசரைக் குத்திக் கொன்ற பிறகு உயிலைப் பிரித்துப் படித்தால், உள்ளே மகன் என்று இவர் பெயர். அகஸ்டஸுக்கு அடுத்து வந்த டைபீரியஸ் யார்? மனைவி லிவியாவுக்கு முதல் கணவரிடம் பிறந்தவர். அவரும் தத்து. கோவை, கரூர் பக்கம் புதையலாகக் கிடைக்கும் ரோமக் காசுகளில் இந்த இரண்டு பேருடையவைதான் ஏராளம். நம் ஊர் மண்ணுக்குள்ளேயும் இருப்பது தத்துப் பிள்ளைகளின் முகம்தான், நடுவர் அவர்களே!

சரி, முக்கியமான கதைக்கு வருகிறேன். கி.பி. 97-இல் நெர்வா என்ற வயதான பேரரசர், தனக்கு எந்த உறவும் இல்லாத டிராஜன் என்ற தளபதியை மகனாக்கினார். டிராஜன் ஸ்பெயினில் பிறந்தவர். அவர் காலத்தில்தான் ரோமப் பேரரசு என்றைக்கும் இல்லாத அளவு விரிந்தது. டிராஜனுக்குப் பின் ஹேட்ரியன். ஹேட்ரியன் செய்ததைக் கேளுங்கள். 138-இல், சாவதற்குச் சில மாதங்களுக்கு முன், ஐம்பத்தொரு வயதான அன்டோனினஸைத் தத்தெடுத்தார். ஐம்பத்தொரு வயதுப் பிள்ளை! அதிலும் ஒரு நிபந்தனை: “நான் உன்னை எடுக்கிறேன், நீ அந்தப் பதினாறு வயதுப் பையன் மார்க்கஸையும், சின்னவன் லூசியஸையும் எடு.” மகனையும் பேரன்களையும் ஒரே மூச்சில் ஏற்பாடு செய்துவிட்டுப் போனார்.

அந்தப் பதினாறு வயதுப் பையன்தான் மார்க்கஸ் அரேலியஸ். அன்டோனினஸ் தத்தெடுத்ததோடு நிற்கவில்லை, தன் மகளையும் அவருக்கே கட்டிக்கொடுத்தார். மகனும் அவரே, மருமகனும் அவரே. மார்க்கஸ் தனக்காக எழுதிவைத்த குறிப்புகளின் தொடக்கத்தில், யார் யாரிடம் என்னென்ன கற்றேன் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. பெற்ற தந்தைக்கு அதில் ஒரே வரி. பாவம், அவர் மார்க்கஸ் சிறுபிள்ளையாக இருந்தபோதே இறந்துவிட்டார். வளர்ப்புத் தந்தை அன்டோனினஸுக்கோ பத்தி நீண்டுகொண்டே போகிறது. பொறுமை, புகழுக்கு மயங்காமை, பொதுப்பணத்தில் சிக்கனம், நண்பர்களிடம் அலுக்காமை என்று ஒவ்வொன்றாக எழுதுகிறார். தம்பி சொன்ன தசை எங்கே ஆடியது என்று பாருங்கள்.

அப்புறம் மார்க்கஸுக்கு ஒரு பிள்ளை பிறந்தான். சொந்தப் பிள்ளை. கொமோடஸ்.

180-இல் பதினெட்டு வயதில் தனியாட்சி கைக்கு வந்தது. ரோம் நகரத்துக்கே தன் பெயரை வைத்தான். பன்னிரண்டு மாதங்களுக்கும் தன் பெயர்களையும் பட்டங்களையும் வைத்தான். அரங்கில் வாளேந்தி இறங்கினான். அன்றைக்கு அங்கே உட்கார்ந்திருந்த காசியஸ் டியோ என்ற செனட்டர் தான் கண்டதை எழுதியிருக்கிறார். பேரரசர் ஒரு தீக்கோழியின் தலையை வெட்டினார். ஒரு கையில் அந்தத் தலை, மறு கையில் ரத்தம் சொட்டும் வாள். செனட்டர்கள் இருந்த பக்கம் வந்து நின்றார். வாய் திறக்கவில்லை, பல்லைக் காட்டித் தலையை மட்டும் ஆட்டினார். டியோவுக்குப் பயத்தைவிடச் சிரிப்புதான் முட்டிக்கொண்டு வந்ததாம். சிரித்தால் தலை போய்விடும். தலையில் சூடியிருந்த மாலையிலிருந்து இலையைப் பிய்த்து வாயில் போட்டு மென்றார், பக்கத்தில் இருந்தவர்களையும் மெல்லச் சொன்னார். ஒரு பேரரசின் செனட் வரிசையாக உட்கார்ந்து இலை மென்ற காட்சி, பெற்ற பிள்ளை கொடுத்தது!

“நீரோ தத்துப் பிள்ளைதானே?” என்று தம்பி மடக்கினார். நல்ல கேள்விதான். ஆனால் பேரரசர் கிளாடியஸ் நீரோவை எப்படித் தத்தெடுத்தார்? சொந்த அண்ணன் மகள் அக்ரிப்பினாவைக் கல்யாணம் செய்துகொண்டார். சித்தப்பா, நடுவர் அவர்களே! அதற்காகச் சட்டத்தையே மாற்றினார்கள். அவள் கூட்டிவந்த பிள்ளை நீரோ. அவனைத் தூக்கி நிறுத்தியதும் அகஸ்டஸின் எள்ளுப்பேரன் என்ற ரத்தப் பெருமைதான். அந்தக் கணக்கு உங்கள் பக்கம் தம்பி, எழுதிக்கொள்ளுங்கள்.

பேரரசர் வெஸ்பாசியனின் மகன் டைட்டஸ் நல்லவர், ஒத்துக்கொள்கிறேன். ஆண்டது இரண்டே வருடம். அடுத்து வந்த இன்னொரு மகன் டொமிஷியனை அரண்மனைக்குள்ளேயே குத்திக் கொன்றார்கள். “ஆண் வாரிசு இல்லாததால்தானே தத்தெடுத்தார்கள்?” என்றும் எதிரணித் தம்பி கேட்டார். ஆமாம், அதுதான் ரோமுக்கு வாய்த்த அதிர்ஷ்டம். பிள்ளை இருந்திருந்தால் டிராஜன்கூடத் தடுமாறியிருப்பார். மார்க்கஸே தடுமாறினாரே!

கடைசியாக செப்டிமியஸ் செவரஸ். உள்நாட்டுப் போரில் ஆட்சியைப் பிடித்தவர். 195-இல் “நான் மார்க்கஸ் அரேலியஸின் மகன்” என்று தாமே அறிவித்துக்கொண்டார். மார்க்கஸ் இறந்து பதினைந்து வருடம் ஆகியிருந்தது. ஒருவர் அவரிடமே, “அப்பா கிடைத்துவிட்டாராமே, வாழ்த்துகள்” என்றாராம். செத்தவரிடம் தத்துப் போகும் அளவுக்கு அந்தப் பெயருக்கு மதிப்பு இருந்தது. ஆனால் அரியணையை விட்டுப்போனது பெற்ற பிள்ளைகள் கரகல்லா, கெட்டா இருவருக்கும்.

211-இல் அப்பா இறந்தார். அந்த வருடம் முடிவதற்குள், சமாதானம் பேசலாம் என்று தாய் ஜூலியா டோம்னாவின் அறைக்குத் தன் தம்பி கெட்டாவை வரவழைத்தான் கரகல்லா. உள்ளே பாய்ந்தவர்களைக் கண்டு கெட்டா அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டான். மடியிலேயே வெட்டினார்கள். தடுத்த தாயின் கையிலும் காயம். மகனுக்காக அழக்கூட அவளுக்கு அனுமதி இல்லை.

இந்தக் குடும்பத்தின் ஓவியம் ஒன்று, மரப்பலகையில் தீட்டியது, இன்றும் பெர்லினில் இருக்கிறது. அப்பா, அம்மா, முன்னால் இரண்டு பையன்கள். ஒரு பையனுக்கு முகம் இல்லை, சுரண்டி எடுத்துவிட்டார்கள். எதிரணியில் அடுத்துப் பேச வரும் அம்மா, அந்தப் படத்துக்கு முன்னால் நின்று தசை ஆடிய கதையைச் சொல்லட்டும். நான் அமர்கிறேன்.