போர்ஷே மீண்டது எப்படி: முதலில் அறுபட்டவை அலமாரிகள்

அவையோருக்கு வணக்கம்.

1986இல் அமெரிக்காவில் மட்டும் 30,000க்கும் மேற்பட்ட போர்ஷே கார்கள் விற்றன. 1993இல் அதே அமெரிக்காவில் விற்றவை 4,000ஐக்கூட எட்டவில்லை. ஏழே ஆண்டுகளில் இந்தச் சரிவு. 1992-93 நிதியாண்டில் இந்த ஜெர்மன் நிறுவனத்தின் நஷ்டம், அன்றைய ஜெர்மன் நாணயத்தில், 239 மில்லியன் மார்க். டொயோட்டா வாங்கப் போகிறது, மெர்சிடிஸ் வாங்கப் போகிறது என்று பத்திரிகைகள் எழுதின. பிற்காலத்தில் உலகில் அதிக லாபம் பார்த்த கார் நிறுவனங்களைப் பட்டியலிட்டால் போர்ஷேயை விட்டுவிட முடியாது. நொடித்துக்கொண்டிருக்கும் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனத்தை எப்படித் தூக்கி நிறுத்துவது என்பதுதான் எனக்குக் கொடுத்த தலைப்பு. அதைப் பொதுவாகப் பேசுவதைவிட, இந்த ஒரு நிறுவனத்தின் பத்து ஆண்டுகளைப் பிரித்துப் பார்ப்பது நமக்குப் பயன்படும்.

முதலில் நோயைப் பார்ப்போம். 1985 தொடக்கத்தில் ஒரு டாலருக்கு ஏறத்தாழ 3.40 மார்க் கிடைத்தது. 1987 முடியும்போது 1.60 மார்க்தான். 40,000 டாலருக்கு விற்ற கார் முன்பு 1,36,000 மார்க் கொண்டுவந்தது என்றால், பிறகு அதே கார் 64,000 மார்க்தான் கொண்டுவரும். தொழிலாளிக்குச் சம்பளம் மார்க்கில், உதிரிபாகம் மார்க்கில், வரவு மட்டும் டாலரில். விலையை ஏற்றினார்கள். வாங்குபவர் விலகிப் போனார். 1987 அக்டோபரில் நியூயார்க் பங்குச் சந்தை சரிந்ததும், போனஸ் பணத்தில் போர்ஷே வாங்கிக்கொண்டிருந்தவர்களும் காணாமல் போனார்கள். நிசான், மஸ்தா, ஹோண்டா மூன்றும் நல்ல ஸ்போர்ட்ஸ் கார்களைக் குறைந்த விலையில் கொண்டுவந்து நிறுத்தின.

டாலர் மேல் பழியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கலாம். பல நிர்வாகங்கள் அதைத்தான் செய்கின்றன. போர்ஷேயின் உண்மையான நோய் உள்ளே இருந்தது. அன்று அவர்கள் மூன்று வகை கார்கள் செய்தார்கள். 911 என்ற காருக்கு எஞ்சின் பின்னால், ஆறு சிலிண்டர், காற்றால் குளிரும். 944, அதற்குப் பின் வந்த 968 இரண்டுக்கும் எஞ்சின் முன்னால், நான்கு சிலிண்டர், தண்ணீரால் குளிரும். 928க்கு முன்னால் எட்டு சிலிண்டர் எஞ்சின். ஒன்றின் முக்கிய பாகம் இன்னொன்றில் பொருந்தாது. மூன்று பேர் இருக்கும் வீட்டில் மூன்று அடுப்பு எரிந்தால் விறகு எப்படிக் கட்டும்? ஒவ்வொன்றுக்கும் தனி வடிவமைப்பு, தனி அச்சு, தனி சப்ளையர். விற்பனை 50,000 கார் இருந்த காலத்தில் இந்தச் செலவு வெளியே தெரியவில்லை. 15,000க்கு இறங்கியதும் தெரிந்தது.

தலைமையிலும் நிலையில்லை. 1987 முதல் 1992 வரை மூன்று தலைவர்கள் வெளியேறினார்கள். நான்கு கதவு கார் ஒன்றைக் கொண்டுவந்து பிழைத்துவிடலாம் என்று 989 என்ற திட்டத்தில் பணத்தைக் கொட்டினார்கள். அதுவும் பாதியில் கைவிடப்பட்டது. புது மாடல் ஒன்று வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை கார் தொழிலில் மிகப் பழையது, மிக ஆபத்தானதும்கூட.

இந்த இடத்தில்தான் வெண்டலின் வீடெகிங் வருகிறார். நாற்பது வயது. ஆஹன் நகரில் எந்திரப் பொறியியல் படித்தவர், உற்பத்திப் பிரிவில் வளர்ந்தவர். 1992இல் தலைமைப் பொறுப்பு ஏற்றார். கார் வடிவமைப்பாளரையோ விளம்பரக்காரரையோ உட்கார வைக்காமல், ஆலைக்குள் நடந்து பழகிய ஒருவரை அந்த நாற்காலியில் உட்கார வைத்ததே சரியான முதல் முடிவு என்பேன்.

அவர் ஜப்பானுக்குப் போனார். ஆட்களையும் அழைத்துப் போனார். கார் எப்படிச் செய்கிறார்கள் என்று கையில் கடிகாரத்தோடு நின்று அளந்தார்கள். பிறகு ஷிங்கிஜுட்ஸு என்ற ஜப்பானிய ஆலோசனைக் குழுவை, போர்ஷேயின் ஊரான ஸ்டுட்கார்ட்டுக்கு வரவழைத்தார். டொயோட்டாவின் உற்பத்தி முறையை உருவாக்கிய தாயிச்சி ஓனோவிடம் வேலை கற்ற இவாத்தா, நக்காவோ போன்றவர்களின் குழு அது. அங்குள்ள ஸுஃபன்ஹௌசன் ஆலையின் எஞ்சின் பிரிவுக்குள் நுழைந்தபோது நக்காவோ கண்டது எஞ்சின் கட்டும் இடத்தை அல்ல. இரண்டு பக்கமும் ஆள் உயரத்தையும் தாண்டிய அலமாரிகள், அவற்றில் வாரக்கணக்கில் தேங்கிய பாகங்கள், ஏணி வைத்து ஏறி எடுத்துவரும் தொழிலாளிகள். தொழிற்சாலை எங்கே, இது கிடங்கு அல்லவா என்று அவர் சத்தம் போட்டதாகச் சொல்வார்கள். பிறகு ஒரு வட்ட ரம்பத்தை வீடெகிங் கையில் கொடுத்து, எல்லா அலமாரிகளையும் 1.3 மீட்டர் உயரத்தில் அறுக்கச் சொன்னார்கள். தலைவரே, தொழிலாளிகள் பார்க்க, ஒவ்வொன்றாக அறுத்தார்.

இதை வெறும் நாடகம் என்று சொல்பவர்கள் உண்டு. நான் ஒப்புக்கொள்வதில்லை. அலமாரி குட்டையானால் பாகம் தேங்க இடமில்லை. தேங்க இடமில்லாவிட்டால் அன்றன்று தேவையானதுதான் வரும். அன்றன்று வரும் பாகத்தில் பழுது இருந்தால் அன்றே தெரியும். முன்பெல்லாம் பழுதான பாகம் நான்கு வாரம் அலமாரியில் உறங்கி, காருக்குள் ஏறி, கடைசிப் பரிசோதனையில் பிடிபட்டு, கைதேர்ந்த மெக்கானிக் ஒருவர் அதைக் கழற்றி, ராவி, மறுபடி மாட்டுவார். அந்தக் கைத்திறனைத்தான் போர்ஷேயின் பெருமை என்று எல்லோரும் நினைத்திருந்தார்கள். அந்தத் திறமையை நான் மதிக்கிறேன். ஆனால் முதல் தடவையே சரியாகச் செய்திருந்தால் தேவைப்பட்டிருக்காத வேலை அது, அதற்கான கூலி கார் விலையில் ஏறிக்கொண்டிருந்தது. இதைத் தொழிலாளிகள் முன்னால் சொல்வது எளிதல்ல. உங்கள் பெருமைக்குரிய வேலையில் ஒரு பகுதி வீண் என்று நாற்பது வயதுப் பொறியாளர் சொன்னால், முப்பது வருடம் ஸ்பேனர் பிடித்தவர் எப்படிக் கேட்பார்? அதனால்தான் அவர் பேச்சை விட்டுவிட்டு ரம்பத்தை எடுத்தார் என்று நான் நினைக்கிறேன்.

சில ஆண்டுகளில் ஒரு கார் கட்ட ஆன நேரம் 120 மணியிலிருந்து ஏறத்தாழ 72 மணிக்கு இறங்கியது. சப்ளையர்கள் 900க்கு மேல் இருந்தவர்கள் 300 அளவுக்குக் குறைந்தார்கள். ஆட்குறைப்பும் நடந்தது, அதை மறைக்கக் கூடாது. ஆனால் வெட்டு அடிமட்டத்தோடு நிற்கவில்லை. மேலாளர்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் குறைத்தார்கள். மேலே வெட்டாமல் கீழே மட்டும் வெட்டியிருந்தால் அந்த ஆலையில் ஒரு போல்ட்கூட ஒழுங்காக முறுக்கப்பட்டிருக்காது.

இன்னொரு வேலையும் செய்தார்கள், அதை அதிகம் பேர் பேசுவதில்லை. சொந்தக் கார் விற்காத காலத்தில் ஆலை சும்மா கிடக்கக் கூடாது என்று அடுத்தவர் கார்களைக் கட்டிக் கொடுத்தார்கள். 1990 முதல் 1995 வரை மெர்சிடிஸ் 500ஈ ஏறத்தாழ 10,000 கார்கள் ஸுஃபன்ஹௌசனில் உருவாயின. ஆடி ஆர்எஸ்2 அங்கேதான் பிறந்தது. தன் பெயர் இல்லாத காருக்கு வேலை செய்வது கௌரவக் குறைவு என்று யாராவது தடுத்திருந்தால், 1994இல் சம்பளம் கொடுப்பது சிரமமாகியிருக்கும்.

இப்போது தேதிகளைக் கவனியுங்கள். 1994-95இல் போர்ஷே சிறு லாபத்துக்குத் திரும்பிவிட்டது. நிறுவனத்தைக் காப்பாற்றியது என்று எல்லோரும் சொல்லும் பாக்ஸ்டர் கார் விற்பனைக்கு வந்தது 1996இல். அதாவது, காப்பாற்றிய கார் வருவதற்கு முன்பே ரத்தப்போக்கு நின்றுவிட்டது. 1993 இறுதியில் வந்த புதிய 911க்கு அதில் பங்குண்டு, ஆனால் அதுவே கட்டுவதற்கு எளிதாகத் திருத்தப்பட்ட 911தான். நான் இன்று சொல்ல வந்தது இந்த வரிசையைத்தான். முதலில் ஆலை, பிறகு கார். முதலாளிகளும் முதலீட்டாளர்களும் தலைகீழாகத்தான் கேட்பார்கள், ஏனென்றால் புது காரை மேடையில் நிறுத்திப் படம் எடுக்கலாம், குறைந்த இருப்பை யாரும் படம் எடுப்பதில்லை.

பாக்ஸ்டரையும் அதே புத்தியோடுதான் செய்தார்கள். 1993 டெட்ராய்ட் கண்காட்சியில் மாதிரிக் காருக்குக் கிடைத்த கைதட்டலை நம்பி ஆரம்பித்தாலும், அடுத்து வந்த 911இன் முன்பாகமும் கதவுகளும் பாக்ஸ்டரோடு பொதுவாக இருக்கும்படி இரண்டையும் சேர்த்தே வடிவமைத்தார்கள். ரசிகர்களுக்குக் கோபம். விலை உயர்ந்த காருக்கும் குறைந்த காருக்கும் ஒரே விளக்கா என்றார்கள். பல பத்தாண்டுகளாகக் காற்றால் குளிர்ந்த எஞ்சினை 1998இல் முழுமையாக நிறுத்தியபோது இன்னும் பெரிய கோபம். கேட்டால் அந்த ரசிகர்கள் சொல்வது தவறும் இல்லை, அந்தப் பழைய எஞ்சினின் சத்தத்துக்கு ஈடு கிடையாது. ஆனால் புகை, இரைச்சல் விதிகள் இறுகிக்கொண்டிருந்தன, அந்த எஞ்சின் அவற்றைத் தாண்டாது.

சிக்கனத்துக்கும் விலை இருந்தது. தண்ணீரால் குளிரும் அந்தக் காலத்துப் புதிய எஞ்சின்களில், உள்ளே சுழலும் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் உடைந்து, முழு எஞ்சினும் வீணான சம்பவங்கள் நடந்தன. அமெரிக்காவில் அது வழக்காகி 2013இல் சமரசத்தில் முடிந்தது. மீட்சிக் கதை சொல்பவர்கள் இந்தப் பக்கத்தைத் திருப்பாமல் போய்விடுகிறார்கள். செலவைக் குறைக்கும்போது வாடிக்கையாளர் கண்ணில் படாத பாகத்தில் கைவைக்கும் ஆசை வரும். அங்கேதான் மிகுந்த கவனம் வேண்டும்.

2002இல் கயென் வந்தது. ஃபோக்ஸ்வேகனோடு அடித்தளத்தைப் பகிர்ந்த உயரமான குடும்பக் கார். லைப்சிக்கில் அதற்கு ஆலை எழுப்பியபோது அரசு மானியம் வேண்டாம் என்றார் வீடெகிங். அந்த காரைத் திட்டியவர்கள்தான் அதிகம், ஆனால் அதன் லாபத்தில்தான் அடுத்த 911கள் வளர்ந்தன.

அதே மனிதர் பிறகு தன்னைவிடப் பல மடங்கு பெரிய ஃபோக்ஸ்வேகனையே வாங்கக் கிளம்பினார். கடன் மலைபோல் ஏறியது. 2008 நெருக்கடியில் வங்கிகள் கையை விரித்தன. 2009 ஜூலையில் அவர் வெளியேறினார், போர்ஷே கார் நிறுவனம் படிப்படியாக 2012க்குள் ஃபோக்ஸ்வேகன் கைக்குப் போனது. இருப்பில் நான்கு வாரப் பாகம் கிடப்பதைப் பொறுக்காதவர், இவ்வளவு கடனை எப்படிப் பொறுத்தார் என்று எனக்கு இன்றும் வருத்தம்.

இனி பிரிட்டனின் சொகுசு ஸ்போர்ட்ஸ் கார் நிறுவனமான ஆஸ்டன் மார்ட்டினுக்கு வருவோம், ஏனென்றால் இன்று இந்தக் கேள்வி அவர்களுடையது. 1913இல் தொடங்கி ஏழு முறை நொடித்த நிறுவனம். 2018 அக்டோபரில் பங்கு ஒன்று 19 பவுண்டுக்குச் சந்தைக்கு வந்தது, விரைவிலேயே அந்த மதிப்பின் பெரும்பகுதி கரைந்தது. டீலர்கள் கேட்டதைவிட அதிக கார்களை அவர்கள் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தியதுதான் முக்கியக் காரணம். ஷோரூமில் காத்திருக்கும் சொகுசு காருக்குத் தள்ளுபடி கொடுத்துத்தான் ஆக வேண்டும். தள்ளுபடி தெரிந்தால் முழு விலை கொடுத்தவர் ஏமாந்தவர் ஆகிறார், அவர் அடுத்த முறை வரமாட்டார். ஃபெராரி 2013இல் தன் உற்பத்தியை 7,000க்குக் கீழே தானே நிறுத்திக்கொண்டதை இதோடு வைத்துப் பாருங்கள்.

2020இல் கனடாக் கோடீஸ்வரர் லாரன்ஸ் ஸ்ட்ரோல் பணம் போட்டார், டீலரிடம் தேங்கியதைக் குறைத்தார். அது சரியான தொடக்கம். வேல்ஸில் கட்டப்படும் டிபிஎக்ஸ் என்ற உயரமான காரும் வந்துவிட்டது, எட்டு சிலிண்டர் எஞ்சின்களும் மெர்சிடிஸிடமிருந்து வருகின்றன. போர்ஷே செய்த பலவும் இங்கேயும் நடந்திருக்கின்றன. ஆனாலும் 2024 முடியும்போது நிகரக் கடன் 1 பில்லியன் பவுண்டுக்கு மேல், அந்த ஆண்டு தொடக்கத்தில் புதுப்பித்த கடன் பத்திரங்களுக்கு வட்டி 10 சதவீதமும் அதற்கு மேலும். அந்த ஆண்டில் ஏறத்தாழ 6,000 கார் விற்ற நிறுவனம் இந்த வட்டியைக் கட்டிவிட்டு எதை மிச்சம் பிடிக்கும்? 2020 முதல் 2024 வரை நான்கு பேர் தலைமை அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்கள். வீடெகிங்குக்குப் பதினேழு ஆண்டுகள் கிடைத்தன. போர்ஷேயின் உரிமையாளர்களான போர்ஷே, பீஷ் குடும்பங்கள் 1992-93 நஷ்டத்தின்போதும் நிறுவனத்தை விற்கவில்லை.

ஆகவே ஆஸ்டன் மார்ட்டினுக்கு நான் கேட்பது இவ்வளவுதான். புதிய பங்கு வெளியிட்டுத் திரட்டும் பணத்தில் பெரும்பங்கு அடுத்த மாடலுக்குப் போகாமல் கடனை அடைக்கப் போகட்டும். பெயர் சொல்லிக் காத்திருக்கும் வாடிக்கையாளர் இல்லாத எந்தக் காரும் அவர்கள் ஆலையின் வாசலைத் தாண்ட வேண்டாம், அதனால் ஆண்டு விற்பனை குறைந்தாலும் குறையட்டும். உற்பத்தி தெரிந்த ஒருவரைத் தலைமையில் அமர்த்தி, பத்து ஆண்டுகளுக்கு அவரை மாற்றாமல் விடுங்கள். இதற்கு ஸ்ட்ரோலும் மற்றப் பங்குதாரர்களும் சம்மதிப்பார்களா என்பதில்தான் அந்த நிறுவனத்தின் அடுத்த பத்து ஆண்டுகள் இருக்கின்றன. கேள்விகள் இருந்தால் கேளுங்கள், பேசலாம்.