காபியில தக்காளி ரசமா? கென்யா காபியோட புளிப்பைக் காப்பாத்துறது எப்படி?

[திரை: கண்ணாடி டம்ளர்ல செம்பழுப்பு நிறத்துல காபி. பால் இல்லை. ஆவி அடங்கிடுச்சு.]

இந்த டம்ளர்ல இருக்கிறது வெறும் காபிதான். பால் கிடையாது, சர்க்கரை கிடையாது, சிக்கரியும் கிடையாது. சூடா ஒரு வாய் குடிச்சா எலுமிச்சை மாதிரி சுள்ளுன்னு ஒரு புளிப்பு. பத்து நிமிஷம் ஆறவிட்டுக் குடிச்சா, உப்பும் மிளகும் போடாத தக்காளி ரசத்தோட தெளிவு. அது இறங்கினதும் நாக்கோட ஓரத்துல வெல்லத்தோட இனிப்பு.

தூள் கெட்டுப்போச்சுன்னு நினைச்சு சிங்க்ல ஊத்திடாதீங்க! கென்யா காபிக்கு உலகம் முழுக்க மவுசு இருக்கிறதே இந்தப் புளிப்புக்குத்தான். அதை வறுக்கும்போது எங்க தொலைக்கிறோம், போடும்போது எங்க தொலைக்கிறோம்னு பார்த்துடலாம். பெரிய திருடன் உங்க வீட்டுத் தண்ணிக் குழாய்லயே இருக்கான். அவனைக் கடைசியில பிடிப்போம்.

[திரை: வரைபடம். எத்தியோப்பியா, ஏமன், ரீயூனியன் தீவு, கென்யா.]

வரலாறு அரை நிமிஷம்தான். காபி பிறந்த எத்தியோப்பியா கென்யாவுக்குப் பக்கத்து வீடு. ஆனா செடி நேரா எல்லை தாண்டி வரல. ஏமன் போய், இந்தியப் பெருங்கடல்ல இருக்கிற ரீயூனியன் தீவுக்குப் போய், அங்கிருந்து பிரெஞ்சு பாதிரியார்கள் கையில 1893ல கென்யாவுக்கு வந்துச்சு. பாக்கெட்ல எஸ்எல்28, எஸ்எல்34னு போட்டிருக்கும். எஸ்எல்னா இலங்கை இல்லைங்க, நைரோபி பக்கத்துல இருந்த ஸ்காட் லேபாரட்டரீஸ். 1930கள்ல அங்க தேர்ந்தெடுத்த ரகங்கள் இவை. நோய் தாங்குறதுல சுமார்தான், சுவையில ராஜா.

விளையுறது நியேரி, கிரின்யாகா, முராங்கா மாதிரி ஊர்கள்ல. கென்யா மலையையும் அபர்டேர் மலைத்தொடரையும் ஒட்டின எரிமலைச் செம்மண். உயரம் பெரும்பாலும் 1,600 மீட்டருக்கு மேல. ராத்திரி குளிர்ல பழம் மெதுவாப் பழுக்கும், கொட்டை இறுகிப்போகும். அந்த இறுக்கத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, வறுக்கும்போது அதுதான் வம்பு பண்ணும். பாக்கெட்ல 'ஃபேக்டரி'ன்னு ஒரு பேர் இருந்தா அது ஆலை இல்லை. சுத்துவட்டார விவசாயிகள் பழத்தைக் கொண்டுவந்து கொட்டுற, பழத்தோல் நீக்கிக் கொட்டையைக் கழுவுற இடம். அங்க தண்ணி இல்லாம ஒரு நாள் போல புளிக்கவெச்சு, கழுவி, நல்ல தண்ணியில மறுபடி ஊறவெச்சு, உயரமான வலைக்கட்டில்ல காயவெப்பாங்க. காபியில அழுக்கு ருசி இல்லாம பளிச்சுன்னு தெரியுறதுக்கு இந்தக் கழுவலுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஏஏ, ஏபி, பிபின்னு எழுதியிருக்கிறது வெறும் அளவுதான். ஏஏன்னா சுமார் 7 மில்லிமீட்டர் சல்லடையில நிக்கிற பெரிய கொட்டை. பிபின்னா நம்ம காபித்தூள் கடையில "பீபரி அரை கிலோ"ன்னு கேக்குறோமே, அதே பீபரி. பழத்துக்குள்ள ரெண்டுக்குப் பதிலா ஒரே உருண்டை விதை. ஏஏ போட்டிருக்குன்னு கூடக் காசு குடுக்காதீங்க. நல்ல ஃபேக்டரியோட ஏபி, சுமாரான இடத்து ஏஏவைத் தூக்கிச் சாப்பிட்டுடும்.

[திரை: மூணு கிண்ணம். புளியம்பிஞ்சு, செங்காய், பழைய கறுப்புப் புளி.]

இப்ப சுவை. இந்த இடத்துல கொஞ்சம் நிதானமா நிக்கணும். வெளிநாட்டுப் பாக்கெட்ல "பிளாக்கரன்ட்"னு போடுவாங்க. நம்மள்ல பல பேருக்கு அது ஐஸ்கிரீம் கடைப் பலகையில பார்த்த பேர்தான். கம்பம் பக்கத்துப் பன்னீர் திராட்சை இருக்கில்லையா? அதோட சதையை விழுங்கிட்டுத் தோலை மட்டும் மெல்லுங்க. அந்தக் கறுப்புத் தோல்ல வர்ற வாசனையும் லேசான துவர்ப்பும்தான் நமக்குக் கிடைக்கிற கிட்டத்துச் சொந்தம். எத்தியோப்பியாவோட இர்காசெஃப் காபி மல்லிகைப் பூ, எலுமிச்சைத் தோல் பக்கம் போகும். கென்யா அதைவிடக் கனமானது, பழச்சாறு மாதிரி.

புளிப்புல நல்லது கெட்டது எப்படித் தெரியும்? புளியையே எடுத்துக்கோங்க. பிஞ்சைக் கடிச்சா பல்லு கூசும், துவர்க்கும், இனிப்பே இருக்காது. வறுபடாத காபி அப்படித்தான். செங்காயா இருக்கும்போது ஓடு லேசா விட்டு, சதை பச்சையும் பழுப்புமா இருக்குமே, அப்ப புளிப்புக்குள்ளயே இனிப்பு ஒளிஞ்சிருக்கும், வாயில எச்சில் ஊறும். நாம தேடுற இடம் அதுதான். ரெண்டு வருஷம் பானையில கிடந்த கறுப்புப் புளியில ஆழம் உண்டு, ஆனா பழம் செத்துப்போச்சு. அளவு மீறி வறுத்த காபி அது. மூணையும் வாங்கி வரிசையா நக்கிப் பார்த்துட்டு காபி குடிங்க, நாக்கு தானா பிடிச்சுக்கும்.

[திரை: இரும்புக் கடாய், பச்சைக் கொட்டை, தராசு, விசிறி.]

வறுக்கலாம். கனமான இரும்புக் கடாய், 150 கிராம் பச்சைக் கொட்டை. அதுக்கு மேல போட்டா கிளற முடியாது, பாதி கருகும் பாதி வேகாது. அடுப்பை மிதமா வெச்சு அஞ்சு நிமிஷம் கடாயைக் காயவிடுங்க. ஒரு சொட்டுத் தண்ணி விட்டா முத்து மாதிரி உருண்டு ஓடணும். இறுகின கொட்டைன்னு சொன்னேன்ல? முதல் ரெண்டு மூணு நிமிஷம் நல்ல சூடு குடுக்கலைன்னா உள்ள வேகாம வெளியே மட்டும் நிறம் மாறும். மரக்கரண்டியால நிறுத்தாம கிளறணும். போன் வந்தாலும் எடுக்காதீங்க.

நாலு அஞ்சு நிமிஷத்துல பச்சை போய் மஞ்சள் வரும், வைக்கோல் வாசனை வரும். அப்புறம் ரொட்டி சுடுற வாசனை. இங்க அடுப்பைக் கொஞ்சம் குறைங்க. எட்டு ஒன்பது நிமிஷத்துல முதல் வெடிப்பு.

இனி கண்ணை விடுங்க, காதைத் தீட்டுங்க. முதல் வெடிப்பு சோளப்பொரி வெடிக்கிற மாதிரி இருக்கும்: டப், டப்னு தனித்தனியா, கொஞ்சம் கனத்த சத்தம். ரெண்டாவது வெடிப்பு தாளிக்கும்போது கடுகு பொரியுற மாதிரி: பொடிப்பொடியா, வேகமா. கென்யாவுக்கு சோளப்பொரிச் சத்தம் ஆரம்பிச்சு 60லிருந்து 90 விநாடிக்குள்ள கடாயை இறக்கணும். கடுகுச் சத்தம் கேட்டாச்சுன்னா பழம் போயிடுச்சு. வறுக்க வறுக்க சிட்ரிக் அமிலம் குறைஞ்சுக்கிட்டே வரும், அதோட இடத்துல கசப்பு ஏறும். அந்தக் கொட்டையைத் தூக்கிப் போட வேண்டாம், பால் காபிக்கு வெச்சுக்கோங்க.

இறக்கினதும் ரெண்டு சல்லடையில மாத்தி மாத்திக் கொட்டுங்க, ஃபேன் முன்னாடி. நாலு நிமிஷத்துல கையால அள்ளுற அளவுக்கு ஆறணும். கடாயிலேயே விட்டா அந்தச் சூட்டுலயே மேல மேல வறுபடும். உமி பறக்கும், அதனால இதை மொட்டை மாடியில செய்யுறது நல்லது.

அப்புறம் எடை போடுங்க. 150 கிராம் 129லிருந்து 132 கிராமுக்குள்ள வந்திருந்தா சரியான இடம். 135க்கு மேல நின்னா உள்ள வேகல, குடிக்கும்போது பச்சைப் பட்டாணி வாசனை வரும். 127க்குக் கீழ போனா புளிப்பு மங்கிடும். நிறத்தை நம்பாதீங்க, தராசை நம்புங்க.

அன்னைக்கே அரைச்சுக் குடிக்காதீங்க. கொட்டைக்குள்ள கரியமில வாயு நிறைய இருக்கும், அது தண்ணியை உள்ள விடாது. ஒரு வாரம் டப்பாவுல வைங்க. முதல் நாள் மூடியை இறுக்க வேண்டாம்.

[திரை: வி60 கோன், தராசு, கெட்டில். ஓரத்துல நிமிஷம் ஓடுது.]

காபி போடுற முறை. வி60 கோன்னா காகித ஃபில்டர் வெச்சு வடிக்கிற கூம்பு. தூள் 15 கிராம், தண்ணி 250 கிராம். அரைப்பு நைஸ் ரவை பதம். காகித ஃபில்டரை வெந்நீர் விட்டுக் கழுவிடுங்க. தண்ணி கொதிச்சு அடங்கினதும், அதாவது 94லிருந்து 96 டிகிரியில, 45 கிராம் ஊத்தி 40 விநாடி காத்திருங்க. தூள் பொங்கி மூச்சு விடும். ஒண்ணேகால் நிமிஷத்துல 150 கிராம் வரைக்கும், ரெண்டு நிமிஷத்துக்குள்ள 250 வரைக்கும், நடுவுலருந்து வட்டமா மெல்ல ஊத்துங்க. மூணு நிமிஷத்தை ஒட்டி வடிஞ்சு முடியணும். ரெண்டு நிமிஷத்துல வடிஞ்சா அரைப்பு பெருசு: புளிப்பு முதல்ல வெளியே வந்துடும், இனிப்பு தூள்லயே தங்கிடும். நாலு நிமிஷம் தாண்டினா அரைப்பு ரொம்ப நைஸ்: நாக்கு வறண்டு துவர்க்கும்.

கோன் இல்லையா? பரவாயில்ல. ஒரு சொம்புல 12 கிராம் தூள், அரைப்பு கொஞ்சம் பெருசா, 200 மில்லி வெந்நீர். நாலு நிமிஷம் கழிச்சு மேல படிஞ்ச ஏட்டை உடைச்சு, நுரையை எடுத்துட்டு, இன்னும் அஞ்சு ஆறு நிமிஷம் தொடாம விடுங்க. தூள் அடியில தங்கிடும், மேலாப்ல டம்ளருக்கு மாத்துங்க. பித்தளை ஃபில்டர் மட்டும் இதுக்கு வேண்டாம். நிறையத் தூளுக்குக் கொஞ்சம் தண்ணி விடுறதால டிகாக்ஷன்ல புளிப்பு மட்டும் திரண்டு நிக்கும், பாலை ஊத்தினா சில சமயம் திரிஞ்சும் போகும்.

[திரை: ரெண்டு டம்ளர் ஒரே காபி. பக்கத்துல ஆப்ப சோடா டப்பா.]

இப்ப அந்தத் திருடன். ஒரே காபியை ரெண்டு டம்ளர்ல பிரிச்சு வைங்க. ஒண்ணுல மட்டும் ரெண்டு அரிசி அளவு ஆப்ப சோடா போட்டுக் கலக்குங்க. ரெண்டையும் குடிங்க. சோடா போட்டதுல திராட்சையும் இல்ல, ரசமும் இல்ல, நனைஞ்ச அட்டைப்பெட்டி மாதிரி ஒரு சப்புன்னு ருசி. ஆப்ப சோடாங்கறது பைகார்பனேட். அதே பைகார்பனேட் போர் தண்ணியிலயும் கரைஞ்சிருக்கு, புளிப்பைப் பிடிச்சு அமுக்கிடும். கெட்டில் அடியில வெள்ளையா படியுதே, அது இவனோட கைரேகை. எவ்வளவு விலை குடுத்து வாங்கின கொட்டையா இருந்தாலும் இந்தத் தண்ணியில போட்டா வீண்தான். எனக்கு இதைப் பார்க்கும்போதெல்லாம் அந்த விவசாயியோட உழைப்பு நினைவுக்கு வந்து மனசு கஷ்டமா இருக்கும்.

டிடிஎஸ் மீட்டர் இதைக் காட்டாது, அது எல்லா உப்பையும் சேர்த்துச் சொல்லும். வண்ணமீன் கடையில 'கேஎச்' டெஸ்ட் கிட் கேளுங்க, பைகார்பனேட்டை அளக்குறது அதுதான். அஞ்சு மில்லி தண்ணியில சொட்டுச் சொட்டா விட்டு, நிறம் மாறுற வரைக்கும் எண்ணணும். பெரும்பாலான கிட்ல ஒரு சொட்டு ஒரு டிகிரி, அதாவது கால்சியம் கார்பனேட் கணக்குல லிட்டருக்கு சுமார் 18 மில்லிகிராம். இந்தக் காபிக்கு ரெண்டு, ரெண்டரை டிகிரி போதும். போர் தண்ணி 16 சொட்டு காட்டுதுன்னா, ஒரு பங்கு போர் தண்ணிக்கு ஆறு ஏழு பங்கு ஆர்ஓ தண்ணி கலங்க. வெறும் ஆர்ஓ தண்ணி மட்டும் வேண்டாம். அதுல புளிப்பைத் தாங்கிப் பிடிக்க ஒண்ணுமே இல்லாததால கத்தி மாதிரி குத்தும். ஆர்ஓ மெஷின்ல டிடிஎஸ் திருகு இருந்தா அதுவே கொஞ்சம் குழாய்த் தண்ணியைக் கலந்து விட்டிருக்கும், அதையும் சொட்டு விட்டுப் பார்த்துட்டுக் கணக்குப் போடுங்க.

உங்க வீட்டுத் தண்ணிக்கு எத்தனை சொட்டு வந்துச்சு? ஊர் பேரோட, போரா குழாயான்னும் சேர்த்து கமென்ட்ல போடுங்க. கலவை கணக்கு வரலைன்னா ரெண்டு தண்ணியோட சொட்டையும் எழுதுங்க, போட்டுத் தர்றோம்.